வானம் யார் சொத்து?

1969ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 15ஆம் நாள். அமெரிக்க நாட்டின் புளோரிடாக் கடற்கரை. மூன்று மனிதரைத் தாங்கிச் சந்திரனுக்குச் செல்லவிருக்கும் அப்பல்லோ 11, மறுநாள் காலைப் பயணத்துக்காகக் காத்து நிற்கிறது. 110 மீட்டர் உயரமுள்ள ஏவூர்தி! உலகத்தின் கண்களெல்லாம் அதன்மீது. அந்த வேளையில் அதே திடலுக்கு ஓர் ஊர்வலம் வருகிறது. முன்னே, கோவேறு கழுதைகள் இழுத்துவரும் மரவண்டி. பின்னே, கறுப்பின ஏழைக் குடும்பங்கள். தலைமை தாங்கி வருபவர் ரால்ஃப் அபர்நதி—முந்திய ஆண்டு சுட்டுக் கொல்லப்பட்ட மார்ட்டின் லூதர் கிங்கின் தோழர். தோளோடு தோள் நின்ற துணைவர்.

வானை அளக்கக் கோடி கோடியாகப் பொருள் இருக்கிறது. வாடிய வயிற்றை நிரப்ப மட்டும் பொருள் இல்லையோ? அவர்கள் கேட்க வந்த கேள்வியின் சாரம் இதுதான். விண்வெளித் துறையின் தலைவர் தாமஸ் பெயின் நேரில் வந்தார், நின்று கேட்டார். ஏவும் விசையை அழுத்தாமல் விடுவதனாலேயே வறுமை ஒழிந்துவிடுமானால், நாங்கள் அழுத்தமாட்டோம் என்ற பொருளில் விடை கூறினார். அபர்நதியும் பண்பிற் குறைந்தவரல்லர். விண்வெளி வீரர் மூவரும் நலமே திரும்பவேண்டும் என்று வேண்டிக்கொண்டார்.

மறுநாள் ஏவூர்தி பறந்தது. கோவேறு கழுதைகள் திரும்பின. ஆனால் கேள்வி திரும்பவில்லை; அங்கேயே நின்றது. வானை ஆராயும் பணம் யாருடையது? ஆராய்வதா வேண்டாமா என்று முடிவு செய்பவர் யார்? மன்னனா, படைத்தலைவனா, மாளிகையில் அமர்ந்திருக்கும் சிலரா—அல்லது உழைத்து வரி கொடுக்கும் மக்களா? வானம் யார் சொத்து?

இந்தக் கேள்விக்கு ஏட்டிலே அன்றி, செயலிலே விடை தேடியோர் சிலருண்டு. அவர்கள் கண்ட கழகத்தின் வரலாறு, நாம் கற்க வேண்டிய வரலாறு.

விடுதியிலே பிறந்தது, வெஞ்சிறையிலே முடிந்தது

முதலில் ஓர் எச்சரிக்கைக் கதை.

1927ஆம் ஆண்டு, அந்நாளில் ஜெர்மனியின் நகராக இருந்த பிரெஸ்லாவில்—இன்று போலந்தின் விரோட்சுவாஃப்—ஒரு விடுதியில் கூடிய ஆர்வலர் சிலர் விண்வெளிப் பயணக் கழகம் ஒன்றைத் தோற்றுவித்தனர். அரசு உதவி இல்லை.  உறுப்பினர் தந்த சந்தாவே முதல். 1930இல் பெர்லின் நகரின் புறத்தே, பாழ்பட்டுக் கிடந்த ஒரு பழைய படைத்திடலைப் பிடித்து, அங்கே சிறு சிறு ஏவூர்திகளைச் செய்து பறக்கவிட்டனர். வேலையற்ற தொழிலாளரும், மாணவரும், கனவு கண்ட பொறியாளரும் அங்கே ஒன்றுபட்டு உழைத்தனர்.

பணமுடை வந்தது. உலகப் பொருளாதார நெருக்கடியிலே சந்தாவும் வற்றியது. அப்பொழுது வாயிற்கதவைத் தட்டியது யார்? படை! அந்தக் கழகத்திலே இளைஞராக இருந்த வெர்னர் ஃபான் பிரௌன் 1932இல் படையின் வேலைக்குச் சென்றார். இட்லர் ஆட்சி வந்தபின் கழகமே மறைந்தது. அதிலே வளர்ந்த அறிவு எங்கே போய்ச் சேர்ந்தது? வி-2 என்னும் ஏவுகணையில். 1944 செப்டம்பர் 8ஆம் நாள் அது இலண்டன்மீது விழுந்தது. அதனைச் செய்வதற்காக மிட்டல்பாவ்-டோரா அடிமை முகாமிலே அடைக்கப்பட்டோர் ஏறத்தாழ 60,000 பேர். மாண்டோர் ஏறத்தாழ 20,000 பேர் என்பர் வரலாற்றாசிரியர்.

சந்திரனுக்குச் செல்ல வேண்டுமென்று விடுதியிலே கூடிப் பேசிய ஆசை, அடிமைகளின் பிணக்குவியலிலே போய் முடிந்தது. ஆசை தீயதா? அன்று. அறிவு தீயதா? அதுவுமன்று. அந்த அறிவைப் பேணிக் காக்கும் அளவுக்கு மக்களின் கை வலுவாக இல்லை. ஆகவே வல்லடிக்காரனின் கை அதனைக் கவர்ந்துகொண்டது. மக்கள் கைவிடும் அறிவை மாற்றார் கைப்பற்றுவர்—இது அந்தக் கதை தரும் பாடம்.

மூவர் கூடினர்

1976இல் வைக்கிங் கலங்கள் இரண்டு செவ்வாய்க் கோளிலே இறங்கின. 1977இல் வாயேஜர் கலங்கள் இரண்டு புறப்பட்டன. 1979இல் வியாழனை நெருங்கி, அதன் நிலவாகிய அயோவிலே எரிமலை குமுறும் காட்சியை அனுப்பின. மக்கள் வியந்தனர், படங்களை வாங்கி வீட்டுச் சுவரில் மாட்டினர். அதே வேளையில் வாஷிங்டனில் என்ன நடந்தது? கோள்களை ஆராய்வதிலே மக்களுக்கு ஆர்வமில்லை என்று கூறி, கோள் ஆய்வுக்குரிய பணத்தைக் குறைக்கும் வேலை தொடங்கியது. 1978இல் வெள்ளிக் கோளுக்குக் கலங்களை அனுப்பிய அமெரிக்கா, அடுத்த கோட்கலத்தை அனுப்பியது 1989இல்தான். இடையே பதினோர் ஆண்டுகள்!

"மக்களுக்கு ஆர்வமில்லை" என்பது மெய்தானா? மக்களையே கேட்டுப் பார்ப்போம் என்றனர் மூவர். ஒருவர் கார்ல் சேகன்: கார்னெல் பல்கலைக் கழகத்து வானியலறிஞர். 1980இல் 'காஸ்மாஸ்' என்ற பதின்மூன்று பகுதித் தொலைக்காட்சித் தொடரால் வீடுதோறும் வானியலைக் கொண்டுசென்றவர். மற்றொருவர் புரூஸ் மரே: கலிஃபோர்னியாவிலுள்ள ஜெட் உந்துகை ஆய்வகத்தின் இயக்குநர். மூன்றாமவர் லூயி ஃபிரீட்மன்: அவ்வாய்வகத்துப் பொறியாளர். இம்மூவரும் 1980ஆம் ஆண்டு கண்டதுதான் பிளானட்டரி சொசைட்டி. தமிழிலே கோளியல் கழகம் எனலாம். இருப்பிடம் பாசடினா நகர்.

கழகத்தின் முறை எளிது. எவரும் உறுப்பினராகலாம், வானியல் படித்திருக்க வேண்டும் என்பதில்லை. ஆண்டுச் சந்தா கட்டவேண்டும். கழகம் ஓர் ஏடு நடத்தும். வானத்துச் செய்திகளைத் தெளிந்த நடையிலே தரும். சந்தாவிலே சேர்ந்த பொருளைக்கொண்டு, அரசு கைவிட்ட ஆய்வுகளுக்கு உதவும். ஆட்சியாளருக்கு மடல் எழுதும், எழுதச் செய்யும். அழைப்பு மடல்கள் வீடு வீடாகச் சென்றன. விளைவு? சில ஆண்டுகளுக்குள் உறுப்பினர் தொகை ஒரு இலட்சத்தை எட்டியது! ஆர்வமில்லை என்றனரே, அவர்களுக்கு அந்த எண்ணிக்கையே விடையாயிற்று.

வால்மீனும் மாத்திரையும்

மக்களுக்கு அறிவு ஊட்டுவது ஏன் இன்றியமையாதது என்பதற்கு ஹேலி வால்மீனே சான்று.

1910ஆம் ஆண்டு அது வந்தது. அதன் வாலிலே சயனோஜன் என்னும் நச்சுவளி இருப்பதை ஒளிப்பகுப்பால் அறிஞர் கண்டனர். பூமி அந்த வாலின் ஊடே செல்லக்கூடும் என்ற செய்தி பரவியது. வால் மிக மிக மெல்லியது, தீங்கு நேராது என்று அறிஞர் எடுத்துரைத்தனர். கேட்டார் யார்? ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அச்சம் ஆட்சி செய்தது. கதவிடுக்குகளையும் சாவித்துளைகளையும் அடைத்துக்கொண்டு ஒளிந்தோர் பலர். வால்மீன் நஞ்சை முறிக்கும் மாத்திரை என்று எதையோ உருட்டி விற்றுப் பணம் குவித்தோர் சிலர். அறிவியல் வளர்ந்த நாடுகள்தாம்! ஆயினும் அறிவு ஆய்வுக்கூடத்திலே பூட்டிக் கிடந்தது. அச்சமோ தெருவிலே உலவியது. எத்தர் பிழைப்பதற்கு அதைவிட நல்ல காலம் எது?

எழுபத்தாறு ஆண்டுகள் கழித்து, 1986இல், அதே வால்மீன் மீண்டது. இம்முறை மனிதன் ஒளியவில்லை, எதிர்கொண்டு சென்றான். சோவியத்து நாட்டின் வேகா கலங்கள் இரண்டு, ஐரோப்பாவின் ஜியோட்டோ, ஜப்பானின் கலங்கள் இரண்டு. ஜியோட்டோ சில நூறு கிலோமீட்டர் அளவில் நெருங்கி அதன் கருவைப் படமெடுத்தது. ஆனால் சந்திரனிலே காலூன்றிய அமெரிக்கா, அதற்கெனத் தனிக் கலம் ஒன்றும் அனுப்பவில்லை. அனுப்பும் திட்டம் இருந்தது. பணமில்லை என்று கைவிடப்பட்டது. ஒளியின் உந்துதலாலேயே ஓடும் பாய்மரக் கலத்தை ஹேலிக்கு அனுப்பலாம் என்று 1970களில் திட்டம் தீட்டிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் யார் தெரியுமா? நாம் முன்னே கண்ட லூயி ஃபிரீட்மன்தான். கைவிடப்பட்ட அந்தப் பாய்மரம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. அதன் கதையைப் பின்னே காண்போம்.

கேலிப் பரிசும் வென்ற அறிவும்

வில்லியம் பிராக்ஸ்மயர் என்று ஒரு செனட்டர். அரசுப் பணம் வீணாகிறது என்று தாம் கருதும் செலவுகளுக்குத் 'தங்கக் கம்பளி' என்ற பெயரால் கேலிப் பரிசு வழங்கி வந்தார். நேர்மையாளர், மக்கள் பணத்தின் காவலர் என்று பெயரெடுத்தவர். 1978இல் அவருடைய பரிசு, வேற்றுலகில் அறிவுள்ள உயிர்கள் உண்டா என வானொலி அலைகளை ஒற்றுக் கேட்கும் ஆய்வுக்குக் கிடைத்தது. 1981இல் அந்த ஆய்வுக்குரிய பணத்தையே நிறுத்தச் செய்தார்.

கழகத்தார் இரு வழியிலே நடந்தனர். சேகன் செனட்டரை நேரிலே கண்டார், ஏசவில்லை, எடுத்துரைத்தார். அறிவுள்ள இனம் நீண்ட காலம் வாழ்கிறதா, தன்னைத் தானே அழித்துக்கொள்கிறதா என்ற கேள்வி அணுகுண்டுக் காலத்திலே வீண்கேள்வியா என்று விளக்கினார். செனட்டர் கேட்டார், எதிர்ப்பைக் கைவிட்டார். வாதத்தால் வெல்லப்படுவதை இழிவென்று கருதாத பெருந்தன்மை அது.

இரண்டாவது வழி, தாமே செய்வது. ஹார்வர்டு பல்கலைக் கழகத்துப் பேராசிரியர் பால் ஹாரோவிட்சின் ஆய்வுக்குக் கழகம் பொருள் தந்தது. 1983இல் மாசசூசெட்சில் ஒரு வானொலித் தொலைநோக்கி கேட்கத் தொடங்கியது. 1985இல் 'மெட்டா' என்ற பெயரால் 84 இலட்சம் அலைவரிசைகளை ஒரே நேரத்தில் ஆராயும் கருவி பூட்டப்பட்டது. திரைப்பட இயக்குநர் ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் அதற்கு நன்கொடை வழங்கினார். 1993இல் அமெரிக்கப் பேரவை அரசின் தேடலை முற்றாக நிறுத்தியபோதும், உறுப்பினர் பொருளால் நடந்த தேடல் நிற்கவில்லை. வேற்றுலகக் குரல் கேட்டதா? இல்லை. இல்லை என்பதும் அறிவுதான். தேடிப் பார்த்தபின் சொல்லும் 'இல்லை'க்கும், தேடாமலே சொல்லும் 'உண்டு'க்கும் உள்ள வேறுபாட்டிலேதான் பகுத்தறிவு குடியிருக்கிறது.

தோல்விகளை மறைக்காத கழகம்

செவ்வாயிலே காற்று வீசினால் எப்படி ஒலிக்கும்? படம் பார்த்தோம், ஒலி கேட்கவில்லையே என்று எண்ணிய கழகம், உறுப்பினர் பொருளால் சிறு ஒலிவாங்கி ஒன்றைச் செய்வித்தது. செவ்வாயின் துருவத்தில் இறங்கவிருந்த கலத்திலே அது பொருத்தப்பட்டது. 1999 டிசம்பர் 3ஆம் நாள் அந்தக் கலம் இறங்கும்போது அழிந்தது. ஒலி இல்லை, வெறும் அமைதி. செவ்வாயின் காற்றொலியை ஒலிவாங்கி வழியே மனிதன் கேட்டது 2021இல், பெர்சிவரன்ஸ் ஊர்தியின் வழியாக.

அடுத்தது பாய்மரம். ஒளிக்கு எடையில்லை, ஆயினும் உந்தம் உண்டு. கண்ணாடிபோன்ற பரப்பிலே பட்டுத் திரும்பும்போது அது மெல்லத் தள்ளுகிறது. விண்வெளியிலே காற்றின் தடை இல்லாததால், அந்த மெல்லிய தள்ளல் நாள்தோறும் சேர்ந்து பெருவேகமாகும்; எரிபொருள் வேண்டா. வால்மீனின் வால் சூரியனுக்கு எதிர்ப்புறம் நீள்வதைக் கண்ட கெப்ளர், வானத்துக் காற்றுக்கேற்ற பாய்களைப் பற்றி 1610இலேயே கலிலியோவுக்கு எழுதினார். அந்தக் கனவை நனவாக்கக் கழகம் முனைந்தது. ஏறத்தாழ 40 இலட்சம் டாலர் செலவிலே 'காஸ்மாஸ் 1' என்னும் கலம் உருவாயிற்று. 2005 ஜூன் 21ஆம் நாள், பேரன்ட்சுக் கடலில் ஓர் உருசிய நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து அது ஏவப்பட்டது. நகரங்களை அழிக்க அணுகுண்டு சுமக்கவென்று செய்த ஏவுகணை, ஒளியிலே மிதக்கும் பாய்மரத்தைச் சுமந்தது! பனிப்போர்க் காலத்துக் கொலைக்கருவிக்கு இதைவிட நல்ல பிறவி வேறு ஏது? ஆனால் 83 நொடிகளிலே முதற்கட்ட எந்திரம் நின்றுபோயிற்று. கலம் கடலிலே கலந்தது.

ஓர் அரசுத் துறையாயின் அறிக்கையும் மறுஅறிக்கையும் வந்திருக்கும்; திட்டம் கோப்பிலே புதைந்திருக்கும். கழகமோ உறுப்பினர்களிடம் உண்மையைச் சொல்லிற்று. மீண்டும் முயல்வோமா என்று கேட்டது. முயல்வோம் என்றனர் உறுப்பினர். தோல்விக்குப் பின்னும் காசு கொடுப்பவனைக் கொடையாளி என்று மட்டும் கூறிவிட முடியுமா? அவன் பங்காளி.

அரிசி மணியின் எடை

2009இல் புதுத் திட்டம் அறிவிக்கப்பட்டது: 'லைட்செயில்'. கார்னெலில் சேகனிடம் பாடம் கேட்ட மாணவரும், தொலைக்காட்சியிலே சிறுவர்க்கு அறிவியல் கற்பித்துப் பெயர்பெற்றவருமான பில் நை, 2010இல் கழகத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். 1996இலேயே மறைந்துவிட்ட சேகனின் கனவு மாணவரின் கைக்கு வந்தது. 2015இல் பொதுமக்களிடம் நன்கொடை கேட்டபோது, 23,331 பேர் சேர்ந்து 12 இலட்சம் டாலருக்கு மேல் தந்தனர்.

அதே 2015இல் முதற் கலம் சோதனைக்காகப் பறந்தது. இரண்டே நாளில் அதன் கணிப்பொறி உறைந்து ஊமையாயிற்று. பல நாள் அமைதி. பின் தானே விழித்தது. ஜூன் 7ஆம் நாள் பாயை விரித்தது. இரண்டாவது கலம் 2019 ஜூன் 25ஆம் நாள் ஏவப்பட்டது. ரொட்டி ஒன்றின் அளவு. எடை 5 கிலோகிராம். ஜூலை 23ஆம் நாள், 720 கிலோமீட்டர் உயரத்திலே, அதனுள்ளே மடித்து வைத்திருந்த பாய் விரிந்தது: முக்கோணத் துண்டுகள் நான்கு, மொத்தம் 32 சதுர மீட்டர் பரப்பு, தடிப்போ ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவு.

அதன்மேல் சூரிய ஒளி தரும் விசை எவ்வளவு? நம் கையிலே ஓரிரு அரிசி மணி தரும் சுமை எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவு! பூமியைச் சுற்றிவரும் ஒவ்வொரு சுற்றிலும், சூரியனை நோக்கி வரும்போது பாயை ஒருக்களித்து, விலகிச் செல்லும்போது முழுவதும் காட்டி, அந்த அரிசி மணி எடையைச் சேர்த்துச் சேர்த்து, சில நாட்களிலேயே தன் பாதையின் உச்சியை ஏறத்தாழ 2 கிலோமீட்டர் உயர்த்தியது. ஜூலை 31ஆம் நாள் வெற்றி அறிவிக்கப்பட்டது. 2022 நவம்பர் 17ஆம் நாள் வளிமண்டலத்திலே எரிந்து மறையும்வரை மூன்றாண்டுக்கு மேல் அது பறந்தது.

செலவு? திட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 70 இலட்சம் டாலர். கொடுத்தோர் நூறு நாடுகளுக்கு மேற்பட்ட ஏறத்தாழ 50,000 மக்கள். ஓர் ஒளித்துகளின் உந்துதல் ஒன்றுமில்லை. கோடானுகோடி துகள் சேர்ந்தால் கலம் உயரும். ஒருவர் காசு ஒன்றுமில்லை. ஐம்பதினாயிரவர் சேர்ந்தால் கலமே உருவாகும். பாயின் தத்துவமும் கழகத்தின் தத்துவமும் ஒன்றே.

அடிமைப் பெண்ணின் பெயர் செவ்வாயில்

1990களில் செவ்வாய்க்கு ஒரு சிறு ஊர்தி செல்லவிருந்தது. அதற்குப் பெயர் வைக்கும் போட்டியைக் கழகம் நடத்தியது. பதினெட்டு வயதுக்குட்பட்ட மாணவர், தாம் போற்றும் வீரப்பெண் ஒருத்தியைத் தேர்ந்தெடுத்துக் கட்டுரை எழுதவேண்டும். உலகெங்குமிருந்து 3,500 கட்டுரைகள் வந்தன. வென்றது, கனெக்டிகட் மாநிலத்துப் பன்னிரண்டு வயதுச் சிறுமியின் கட்டுரை. அவள் தேர்ந்த பெயர்: சோஜர்னர் டிரூத்.

யார் அவர்? ஏறத்தாழ 1797இல் நியூயார்க் மாநிலத்திலே அடிமையாகப் பிறந்தவர். இசபெல்லா என்பது இட்ட பெயர். சிறுமியாக இருந்தபோதே விற்கப்பட்டவர். மீண்டும் மீண்டும் விற்கப்பட்டவர். 1826இல் கைக்குழந்தையோடு வெளியேறி விடுதலை தேடிக்கொண்டவர். சட்டத்தை மீறித் தெற்கே அலபாமாவுக்கு விற்கப்பட்ட தம் மகனை, நீதிமன்றத்திலே வழக்காடி மீட்டவர். கறுப்பினப் பெண் ஒருத்தி வெள்ளையன்மீது வழக்குத் தொடுத்து வெல்வது அந்நாளில் எளிதா? 1843இல், மெய்யைத் தேடி வழிநடப்பவள் என்னும் பொருள்படத் தமக்குத் தாமே பெயர் சூட்டிக்கொண்டார். ஊர் ஊராகச் சென்று அடிமை ஒழிப்புக்கும் பெண்ணுரிமைக்கும் முழங்கினார். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் அவர் பேச்சுக்கு முன் படித்தவர் பலர் வாயடைத்து நின்றனர்.

1997 ஜூலை 4ஆம் நாள், அமெரிக்கா தன் விடுதலை நாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த அதே நாளில், பாத்ஃபைண்டர் கலம் செவ்வாயிலே இறங்கியது. அதிலிருந்து உருண்டு சென்றது, பத்தரைக் கிலோகிராம் எடையுள்ள சோஜர்னர். வேற்றுக் கோளொன்றின் நிலத்திலே உருண்டு சென்று ஆராய்ந்த முதல் ஊர்தி, அடிமையாகப் பிறந்த பெண்ணின் பெயரைத் தாங்கியது! தளபதியின் பெயரன்று, அதிபரின் பெயரன்று. ஏன்? பெயரிடும் உரிமை மாளிகையினின்று பள்ளிக்கூடத்துக்கு வந்தது. மக்களிடம் கேட்டால் மக்கள் யாரை நினைப்பர் என்பதற்கு அதுவே சான்று.

1969இல் கோவேறு கழுதை வண்டியோடு வேலிக்கு வெளியே நின்ற இனத்தின் பெயர், இருபத்தெட்டாண்டில் செவ்வாய் மண்ணிலே சக்கரம் பதித்தது. அதனால் வறுமை ஒழிந்ததா? ஒழியவில்லை. ஆனால் ஏவுதளத்தின் வேலிக்குள் அவர்களுக்கும் இடமுண்டு என்பதை மறுக்க இனி எவராலும் இயலாது.

பல் மருத்துவரின் கண்

உறுப்பினரின் பணி பணம் கட்டுவதோடு முடிவதில்லை. பூமிக்கு அருகே வரும் சிறுகோள்களைக் கண்காணிக்கும் ஆர்வலர்க்குக் கழகம் 1997 முதல் உதவித்தொகை வழங்குகிறது. அவ்வாண்டு மறைந்த நிலவியலறிஞர் யூஜின் ஷூமேக்கரின் பெயரால் அது வழங்குகிறது. அந்த உதவியால் வாங்கிய படக்கருவியைக் கொண்டு, ஸ்பெயின் நாட்டு லா சாக்ரா வானாய்வகத்தார்—அவர்களுக்கு வழிகாட்டியவர் தொழிலால் பல் மருத்துவர்—2012 பிப்ரவரியில் ஒரு சிறுகோளைக் கண்டனர். ஓராண்டு கழித்து, 2013 பிப்ரவரி 15ஆம் நாள், அது பூமிக்கு மேல் ஏறத்தாழ 27,700 கிலோமீட்டர் தொலைவிலே கடந்து சென்றது. தீங்கில்லை என்பது முன்னரே கணக்கிடப்பட்டுவிட்டது. எவரும் மாத்திரை வாங்கவில்லை.

அதே நாளில், தொடர்பில்லாத வேறொரு விண்கல், எவரும் எதிர்பாராதபடி உருசியாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேலே வெடித்தது. சன்னல் கண்ணாடிகள் நொறுங்கி, ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காயமுற்றனர். பார்த்துக்கொண்டிருந்த கல் அச்சம் தரவில்லை. பார்க்காத கல் அடித்தது. அறிவுக்கும் அறியாமைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே நாளில் வானமே எழுதிக் காட்டியதுபோல!

எஞ்சி நிற்கும் கேள்வி

குறையே இல்லாத கழகமா? அப்படி நாம் கூறவில்லை. சந்தா கட்ட வசதியுள்ளவன்தான் உறுப்பினன்; உணவுக்கே அல்லற்படுபவன் எங்ஙனம் கட்டுவான்? வசதியுள்ளோர் கூடிப் பேசும் குரலே மக்கள் குரல் என்று மயங்கிவிடக் கூடாது. மேலும், சந்தாவால் சிறு பாய்மரம் செய்யலாம்; வியாழனுக்குக் கலம் அனுப்ப முடியாது. பெரும்பணி அரசின் பணியே. அதனைச் செய்யுமாறு இடித்துரைப்பதே கழகத்தின் பெரும்பணி. புளூட்டோவுக்குரிய திட்டத்தை 2000ஆம் ஆண்டு அரசு கைவிட்டபோது, உறுப்பினரின் மடல்கள் ஆயிரக்கணக்கிலே குவிந்தன. அறிஞரும் மக்களும் ஒருங்கே எழுப்பிய குரலால் திட்டம் மீண்டது. 2006இல் புறப்பட்ட நியூ ஹொரைசன்ஸ் கலம் 2015 ஜூலை 14ஆம் நாள் புளூட்டோவைக் கண்டது.

போராட்டம் அதோடு முடியவில்லை. 2025ஆம் ஆண்டு, விண்வெளித் துறையின் அறிவியல் ஆய்வுக்குரிய பணத்தை ஏறத்தாழ பாதியாகக் குறைக்க அமெரிக்க ஆட்சி முன்மொழிந்தது. கழகம் மீண்டும் மடல் எழுதப் புறப்பட்டது. உறுப்பினர் வாஷிங்டனுக்கே சென்று பேரவையினரின் கதவைத் தட்டினர். 1980இலே தட்டிய அதே கதவுதான். ஒருமுறை வென்ற உரிமையை ஒவ்வொரு தலைமுறையும் மறுபடி வெல்ல வேண்டியிருக்கிறது.

அபர்நதியின் கேள்விக்கு இது முழு விடையாகுமா? ஆகாது. வயிற்றுக்கும் வானுக்கும் இடையே ஒன்றைத் தேர்ந்தெடு என்று ஏழையை நெருக்கும் கணக்கே பொய்க்கணக்கு. அந்தக் கணக்கைப் போடுபவர், படைக்கலத்துக்கு வாரி வழங்கும் பணத்தை மட்டும் ஏட்டிலே மறைத்துவிடுகின்றனர். ஏழைக்குச் சோறும் வேண்டும், வானமும் வேண்டும். இரண்டையும் தரவல்லது ஒன்றே: கணக்கேட்டைத் திறந்து பார்க்கும் உரிமை. அந்த உரிமையைத் தாமே எடுத்துக்கொண்ட மக்கள் எப்படிச் செயலாற்றுவர் என்பதைத்தான் இந்தக் கழகத்தின் வரலாறு காட்டுகிறது.

செவ்வாய் என்றதும் சாதகக் கட்டத்தை எடுத்து வைத்து, பெண்ணின் வாழ்வைக் கெடுக்கும் கோள் அது என்று நடுங்குவோர் உண்டு. அதே செவ்வாயிலே, அடிமை வாழ்வை உதறி எழுந்த ஒரு பெண்ணின் பெயர் தாங்கிய ஊர்தி, ஓடி முடித்த ஓட்டத்தின் அடையாளமாக இன்றும் நிற்கிறது. கோள் எவரையும் கெடுப்பதில்லை. கோளைப் பற்றிய அறிவைச் சிலரிடமே விட்டுவிட்டு, அச்சத்தை மட்டும் பங்கிட்டுக்கொண்ட மக்கள்தாம் கெடுகின்றனர். அறிவைப் பங்கிட்டுக்கொண்டவர்க்கு வானம் பொதுச்சொத்து.